‘ஓட்டும் முறை குறித்து அறிவுறுத்தப்பட்டது’

மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் வந்திருந்தோம். திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. என் மனைவி ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். பின்னிருக்கையில் அவளுடைய அப்பா, டயாலிசிஸ் முடிந்த களைப்பில் குறுக்காகப் படுத்திருந்தார். யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல் வண்டி திடீரென்று தளர்ந்தது. முகப்புத் திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று எரிந்து, ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கச் சொல்லும் வரி அதன் கீழே தோன்றியது. வேகம் அறுபதிலிருந்து நாற்பதுக்கும், அங்கிருந்து இருபத்திரண்டுக்கும் இறங்கியது.

“போகமாட்டேங்குது,” என்றாள்.

“நல்லா அழுத்து.”

“கால் தரையில முட்டுதுங்க! இதுக்கு மேல எங்க அழுத்த?”

பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. நான் திரும்பிப் பார்த்தும் பயனில்லை. என் இரு கண்களிலும் பார்வைப் புலம் சுருங்கிவிட்டது. நேரே உள்ளது தெரியும், பக்கங்கள் தெரியா. என் ஓட்டுநர் உரிமம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அந்த லாரி எவ்வளவு நெருங்கியது என்பதை என் மனைவியின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டேன். கண்ணாடியைப் பார்த்த அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது.

“ஏன் இப்படி ஊதுறான்? அவன் பாட்டன் போட்ட ரோட்டுலயா நாம போறோம்?” என்றார் மாமா, படுத்தபடியே.

“அப்பா, பேசாம இருங்க!”

லாரி கடைசி நொடியில் விலகி எங்களைக் கடந்தது. அதன் காற்றில் வண்டி ஒருமுறை ஆடியது. ஊர்ந்து ஊர்ந்து உச்சியை அடைந்து, மறுபுறம் இறங்கி, ஓரமாக நிறுத்தினோம். அரை மணி நேரம் கழித்து மீண்டும் கிளப்பியபோது முக்கோணம் இல்லை. வண்டி எதுவுமே நடவாததுபோல் ஓடியது. அன்று மாலை ஒரு குறிப்பேட்டில் தேதியும் நேரமும் இடமும் எழுதினேன். அடுத்த பதினொரு வாரங்களில் அந்தப் பக்கத்தில் மேலும் ஆறு வரிகள் சேர்ந்தன.

என் மனைவி பல் செட் செய்பவள். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சிலிருந்து மெழுகில் ஈறு வார்த்து, அதில் பல் பல்லாகப் பதித்து, இரு வரிசையும் சந்திக்கும் கடிவாய் சரியாகப் பொருந்தும்வரை தேய்ப்பது அவள் வேலை. அன்றுவரை பதினான்கு ஆண்டுகளில் அவள் செய்த ஒரு செட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே மெல்லிய நீலத்தாளை வைத்து இழுத்துப் பார்த்து, “இந்த ஓரத்துல ஒரு முடி அளவு உசரம்,” என்று சொல்லும் கை அவளுடையது. அவள் வேலை செய்யும் பல் கூடத்தில் அவளுக்கு ‘நூல்பிடி’ என்று பட்டப்பெயர்.

எங்கள் வீட்டில் இப்போது ஓட்டத் தகுந்தவள் அவள் ஒருத்திதான். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறரைக்கு அப்பாவையும் துணைக்கு என்னையும் மருத்துவமனையில் விடுவாள். வீடு திரும்பி எட்டு மணிக்கு மகளைப் பள்ளியில் விடுவாள். பின்பு பல் கூடம். பதினொன்றுக்கு எங்களை அழைத்துவந்து வீட்டில் சேர்த்துவிட்டு மறுபடி பல் கூடம். இந்தச் சுற்றுக்காகவே அந்தச் சிறிய கிராஸ்ஓவர் காரைத் தேர்ந்தெடுத்தோம். அதன் இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தது; மாமா குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம், அப்படியே திரும்பி உட்கார்ந்தால் போதும். சக்கர நாற்காலியை மடித்தால் டிக்கியில் அடங்கியது. நெரிசலில் பெட்ரோல் எஞ்சின் அணைந்து மின்மோட்டாரில் ஊரும்போது வண்டி இருப்பதே தெரியாது. வாங்கிய புதிதில், “இது வண்டி இல்லீங்க, பூனை,” என்று அவள் பெருமைப்பட்டாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் தட்டிக் கொடுப்பாள்.

நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். நான்கு முறையும் வண்டியை ஒரு நாள் வைத்திருந்து, பின்னிருக்கை காலியாக, நகரத்துச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்து, குறையில்லை என்றார்கள். மேசையிலிருந்த அட்வைசர் இளைஞர்; சட்டை மடிப்புக் கலையாதவர்.

“கம்ப்யூட்டர்ல ஒரு வெப்ப எச்சரிக்கை பதிவாயிருக்கு சார். மேட்டுல தேவையில்லாம போட்டு அழுத்தினா வரும். மேடம் பழைய வண்டி ஓட்டின பழக்கத்துல ஓட்டுறாங்க.”

“எதோட வெப்பம்?” என்று கேட்டேன்.

“அது உள்ளுக்குள்ள இருக்கிற சமாச்சாரம் சார்.”

“அந்தப் பக்கத்தை அச்சு எடுத்துக் கொடுங்க.”

“அதெல்லாம் வெளிய கொடுக்கிறதில்லை.” பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். “சார், ஒரு வாரம் நீங்க ஓட்டிப் பாருங்களேன். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.”

என் மனைவி இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டது. “அவரு ஓட்டினா வித்தியாசம் ஊருக்கே தெரியும் தம்பி,” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர்கள் கொடுத்த நான்கு வேலைச் சீட்டுகளிலும் கடைசி வரி ஒன்றே: ‘பழுது காணப்படவில்லை. வாடிக்கையாளருக்கு ஓட்டும் முறை குறித்து அறிவுறுத்தப்பட்டது.’ நான்கையும் கோப்பில் வைத்தேன். அந்த வரி கோப்போடு நிற்காமல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பை போடக் கீழே போனவன், நிறுத்தியிருந்த வண்டிக்குள் அவள் தனியே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். வண்டி அணைந்திருந்தது. தலையைக் குனிந்து தன் வலது காலையே பார்த்தபடி, பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்கும், அங்கிருந்து பிரேக்குக்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டியதும் திடுக்கிட்டாள்.

“என்னம்மா பண்றே?”

“என் கால் என்ன பண்ணுதுன்னு பாக்குறேன்,” என்றாள். “எனக்குத் தெரியாமலே அது ஏதாவது பண்ணுதோ என்னமோ.”

அதன்பின் அவள் மேம்பாலத்தைத் தவிர்த்தாள். சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போனால் பதினொரு கிலோமீட்டர் கூடுதல். டயாலிசிஸ் முடிந்த உடம்பை அந்தக் குண்டு குழியில் உலுக்கிக்கொண்டு வருவது மாமாவுக்கு நரகம். அவர் வாயைத் திறந்து குறை சொல்லவில்லை. கேலி மட்டும் செய்தார். “கண்ணு, வழியிலேயே இன்னொரு ஆஸ்பத்திரி இருந்தா அங்கயும் காட்டிட்டுப் போயிடலாம்.” பல் கூடத்திலும் ஒரு செட் திரும்பி வந்தது, கடிவாய் ஒரு பக்கம் தூக்கி நின்றதாம். பதினான்கு ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அன்று அவள் சாப்பிடவில்லை.

ஏழாவது முறை நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் மகளும் உடன் வந்திருந்தாள். தாத்தாவின் கால்மாட்டில், சாலைப் பக்கத்துக் கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சந்தைக்கு அப்பால் உள்ள பெரிய ரவுண்டானாவில் இடைவெளி பார்த்து வண்டியை நுழைத்தாள் என் மனைவி. நடுவட்டத்தில் முக்கோணம் எரிந்தது. வண்டி தளர்ந்தது. பக்கவாட்டிலிருந்து தண்ணீர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்கு அது தெரியவில்லை.

“அம்மா, லாரி! அம்மா, என் பக்கம் வருதும்மா!” என்ற குரல் மட்டும் கேட்டது.

பிரேக்கின் கிறீச்சொலியும், இரும்பு குலுங்கும் ஓசையும், தண்ணீர் தளும்பி வண்டிக் கூரைமேல் விழும் சத்தமும் ஒன்றாக வந்தன. பிறகு அமைதி. லாரியின் முகப்பு மகளின் கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து கண்டபடி ஏசினார். என் மனைவி ஸ்டீயரிங்கை விடவேயில்லை. “என் தப்பு, என் தப்பு,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவியை அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் நாற்காலி போட்டு ஏறி வைத்தாள்.

அடுத்த நாள் அவளுடைய அண்ணன் வந்தார். மனிதர் கெட்டவர் அல்லர். எதையும் உடனே முடித்துவிடத் துடிப்பவர். மருத்துவமனைக்கு எதிரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் இருக்கிறது என்றும், ஒரே ஓர் இடம் காலியாக உள்ளது என்றும், அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் படிவம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“கோபப்படாதே. உன்னால ஓட்ட முடியல. மாப்பிள்ளைக்குக் கண்ணு இல்லை. நான் இருக்கிறதோ ஊருக்கு அந்தக் கோடி. அப்பாவை எப்படிக் கூட்டிட்டுப் போவே? வாடகை வண்டியில ஒரு நாள் அவரை ஏத்தி இறக்கிப் பாரு, தெரியும்.”

“நான் என்ன பார்சலா? ஏத்தி இறக்கி, கையெழுத்து வாங்க?” என்றார் மாமா. ஆனால் அவர் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. எழுபத்தாறு வயது மனிதர் பயந்திருந்தார். தன் மகள் மறுத்துப் பேசுவாள் என்று அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவளோ படிவத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

திங்களும் புதனும் வாடகை வண்டியில் போனோம். தாழ்வான இருக்கை, புதனன்று இறங்கும்போது மாமாவின் முழங்கால் மடங்கி, ஊசி ஏற்றும் கை கதவில் இடித்துக்கொண்டது. ஊசிக் கட்டின் வழியே இரத்தம் கசிந்தது.

திங்கள் பிற்பகலே நான் சர்வீஸ் சென்டருக்குப் போய், அந்த வெப்பப் பதிவின் அச்சு கையில் வரும்வரை நாற்காலியை விட்டு எழப்போவதில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்றேகால் மணி நேரம் கழித்து ஒரு தாள் வந்தது. சூடானது எஞ்சின் அன்று. பின்னிருக்கைக்கு அடியில் உள்ள பெரிய பேட்டரி.

பத்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. உதிரிபாகக் கிடங்கில் இருப்புப் பதிவு செய்பவன். ஆனால் ஒரு பொருளோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கும் பொறுமை எனக்கு உண்டு. இரண்டு நாள் படித்தேன். அந்தப் பேட்டரி குளிர்வதற்கு வண்டிக்குள் இருக்கும் காற்றையே ஒரு மின்விசிறி இழுத்துக்கொள்கிறது என்றும், அதற்கான சல்லடைத் துளை பின்னிருக்கையின் பக்கவாட்டில் இருக்கிறது என்றும், அதைத் துணியாலோ பையாலோ மூடக் கூடாது என்றும் இருநூற்றுப் பதினெட்டாம் பக்கம் சொல்லியது. குறிப்பேட்டை எடுத்து அருகில் வைத்தேன். ஏழு முறையும் டயாலிசிஸ் நாள். ஏழு முறையும் திரும்பும் வழி. போகும்போது ஒருமுறைகூட இல்லை.

வியாழன் காலை நான் நாற்காலி போட்டுச் சாவியை எடுத்து, மாமாவை மெதுவாக வண்டிக்கு அழைத்துப்போனேன். மனைவியும் வந்தாள், விருப்பமில்லாமல்.

“மாமா, திரும்பி வர்றப்போ எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க.”

டயாலிசிஸ் முடிந்ததும் அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடும். தலை தாழ்ந்து கால் உயர வேண்டும். குளிரும். ஆகவே ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிடுவோம். தலை கதவில் இடிக்காமலிருக்க என் மனைவி இருக்கையின் ஓரத்தில் ஒரு தலையணையைச் செருகி, அதன்மேல் கம்பளியை இரண்டாக மடித்து இறுக்கி வைப்பாள். எவ்வளவு அக்கறையாக வைப்பாள் என்றால், சுண்டுவிரல் நுழையும் இடம்கூட இருக்காது. இப்போதும் பழக்கத்தால் அப்படியே வைத்தாள். நான் தலையணையை உருவி அதன் பின்னால் இருந்ததைக் காட்டினேன். சல்லடை.

“இதுவா?” என்று எட்டிப் பார்த்தார் மாமா. “இது என் காதுகிட்ட பெருசா மூச்சு வாங்கிக்கிட்டே வருமே. நம்மள மாதிரியே ஒரு சீக்காளி போலன்னு நினைச்சேன்.”

“ஏம்பா ஒரு வார்த்தை சொல்லலை?”

“நீதானே பேசாம இருன்னே!”

சல்லடையைக் கழற்றினோம். உள்ளே இருந்த வடிகட்டியில் கம்பளியின் பழுப்புப் பஞ்சு விரற்கடை தடிமனுக்குப் படிந்திருந்தது. அது நேற்று இன்று சேர்ந்ததன்று. நான்கு வேலைச் சீட்டுகளையும் விரித்தேன். நான்கிலும் பதினேழாவது வரி: ‘பேட்டரி குளிர்விப்பு வடிகட்டி — பார்வையிடப்பட்டது’. அதற்கு நேராக ஒரு சரிக்குறி. நான்கு முறையும் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. தலையணை எங்கள் தவறு. அதை நான் மறைக்கவில்லை. அந்தச் சரிக்குறி எங்கள் தவறன்று.

வடிகட்டியை ஓர் உறையில் போட்டு, அன்றே அட்வைசரின் மேசையில் வைத்தேன். அவர் முகம் மாறியதை மறுக்க மாட்டேன். ஓட்டுநரை அனுப்பி வண்டியை எடுத்துவரச் செய்து, புது வடிகட்டி போட்டுக் கொடுத்தார். தளர்ச்சி வரும் அதே நிலையில், கண்ணாடி ஏற்றி, ஏசி இல்லாமல் அந்த ஓட்டுநர் மேம்பாலத்தில் இருமுறை ஏறி இறங்கினார். முக்கோணம் வரவில்லை.

“ஓட்டும் முறைன்னு போட்ட அந்த வரியைத் திருத்திக் கொடுங்க,” என்றேன்.

“ஒருதடவை பதிவானதை மாத்த முடியாது சார். அது எல்லாருக்கும் போடுற வழக்கமான வரிதான். மேடம் மனசுல வச்சுக்க வேணாம்.”

அந்த மறுப்பையும் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாவியை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, எல்லாத் தாள்களையும் வரிசையாக அவள்முன் அடுக்கினேன். “பாத்தியா? உன் காலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நிரூபணம் ஆயிடுச்சு.”

அவள் ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் பார்த்தாள்.

“புரியுதுங்க,” என்றாள். “ஆனா லாரி வந்தப்போ பாப்பா கத்தினாளே, அது இன்னும் காதுல நிக்குது. இந்தத் தாளைக் காட்டினா அது போயிடுமா? வண்டியைத் திறந்து பாத்தீங்க, பஞ்சு இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டீங்க. என்னை எங்க திறப்பீங்க?”

நான் தாள்களை மறுபடி அடுக்கத் தொடங்கினேன்.

“இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் ஓட்டுறப்போ நீங்க பக்கத்துல உக்காந்து நேரம் பாத்து எழுதுறீங்களே, பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்குக் கால் நடுங்க ஆரம்பிச்சுடும். என்னமோ என்மேல கேஸ் எழுதுற மாதிரி.”

நான் அவளுக்காக எழுதுவதாகவே பதினொரு வாரமும் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு நாற்காலி இழுபடும் ஓசை கேட்டு எழுந்தேன். அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் படிவம் வெறுமையாகக் கிடந்தது. அன்று மாலை கெடு. காலையில் மருத்துவமனைக்குச் சந்தை வழியாகவே போனாள். மாமா ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார். முந்தாநாள் இடித்த கை வீங்கியிருந்தது.

பதினொன்றுக்கு எங்களை அழைக்க வந்தபோது, “நீங்க பின்னால ஏறுங்க,” என்றாள். “தலையணை வேணாம். அப்பா நேரா சாயட்டும், காலை உங்க மடியில வச்சுக்கோங்க. ஏசி லேசா ஓடட்டும், ரெண்டு போர்வை போத்திவிடுங்க.” முன்னிருக்கையில் அவள் மட்டும் இருந்தாள்.

சந்தைக்குத் திரும்பும் இடத்தில் அவள் இண்டிகேட்டர் போட்டாள். பிறகு அணைத்தாள். நேராகப் போய், பாலத்தின் அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தினாள். நான்கு விளக்குகளும் சிமிட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து பார்க்க அவள் முகம் எனக்குத் தெரியவில்லை; கழுத்தில் வியர்வை சட்டைக் காலருக்குள் இறங்குவது மட்டும் தெரிந்தது.

“யாரும் பேசாதீங்க,” என்றாள். “அப்பா, நீங்க முக்கியமா.”

“என் வாய் செத்துப்போச்சு,” என்றார் மாமா.

ஏறினோம். எஞ்சின் விழித்து உறுமியது. என் மடியிலிருந்த மாமாவின் பாதங்கள் பனிக்கட்டியாக இருந்தன. அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவருக்காகவா எனக்காகவா என்று தெரியாமல். பாதி ஏற்றத்தில் பின்னாலிருந்து ஒரு லாரியின் ஹாரன். அவள் தோள்கள் காதுவரை உயர்ந்தன. வேகம் குறைந்தது. வண்டிதான் தளர்கிறதா, அவள்தான் காலை எடுத்துவிட்டாளா? முகப்புத் திரையைப் பார்க்க நான் கழுத்தை நீட்டவில்லை. அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி காலை அழுத்தினாள். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் முன்னே பாய்ந்தது. லாரி பின்தங்கியது. உச்சி வந்தது. இறக்கத்தில் எஞ்சின், அதன் இயல்புப்படி, சட்டென்று அணைந்து அமைதியானது. அந்த அமைதியில் அவள் ஒருமுறை “ஐயோ” என்றாள். பிறகு மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் காதில் விழுந்ததும் மூச்சு விட்டாள்.

“பேசலாமா?” என்றார் மாமா.

“இன்னும் இல்லப்பா.”

வீட்டு வாசலில் நிறுத்தியபின், பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவருடைய உரத்த குரல் பின்னிருக்கைவரை கேட்டது.

“என்ன, கையெழுத்துப் போட்டாச்சா? வண்டி சரியாயிடுச்சா?”

“வண்டி சரியாயிடுச்சுண்ணா. எனக்குத்தான் இன்னும் சரியாகல. ஆனா படிவம் வேணாம். அப்பா எங்கேயும் போகல.”

மாமா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் போனை வைத்துவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, திங்கட்கிழமை பத்து நிமிஷம் முன்னாடி முடிச்சு அனுப்புவாங்களான்னு அந்த நர்ஸம்மாகிட்டக் கேளுங்க. பதினொண்ணரைக்குத்தான் லாரிங்க எல்லாம் பாலத்துல ஏற ஆரம்பிக்குது.”